திறந்த நாளும் வந்த நாளும்: கோடை விடுமுறையைக் குறைக்கக் கோரும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய பெற்றோர்களே,

சென்ற வாரம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு அளித்த விண்ணப்பத்தின் நகல் ஒன்று என் கைக்கும் வந்து சேர்ந்தது. கோடை விடுமுறையைப் பதினைந்து நாட்களுக்குள் அடக்கி, மே மாதத்தின் எஞ்சிய நாட்களில், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் போகவிருக்கும் மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்புகள் நடத்த வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரமாக, முன்னேறிய தேசங்களிலெல்லாம் பிள்ளைகள் நம் பிள்ளைகளைக் காட்டிலும் அதிக நாட்கள் பள்ளிக்குச் செல்கிறார்கள் என்றும், நம் நாட்டில்தான் விடுமுறைக்குக் கணக்கில்லை என்றும் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் உபாத்தியாயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், தங்களில் சிலருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையிலும், அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

தங்கள் கவலையை நான் அறியாதவன் அல்லன். ஒரு மதிப்பெண் குறைந்ததனால் ஒரு கல்லூரியின் வாசல் அடைபட்டுப் போகின்ற இக்காலத்தில், நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கின்ற தாய் தந்தையர் நாட்களை எண்ணாமல் வேறு எதை எண்ணுவார்கள்? ஆகையால் இம்மடலைத் தங்கள் விருப்பத்துக்கு விரோதமான வாதமாகக் கொள்ளாமல், அதே கவலையில் பங்கு கொண்ட ஒரு முதியவனின் வேண்டுகோளாகவே கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் அந்த வாக்கியம் மெய்தானா என்று பார்ப்போம். நம் தேசத்தில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாட்களையும் குறைந்தபட்ச அளவாக விதித்திருக்கிறது. அதற்கு நெடுநாள் முன்னதாகவே, 1964 முதல் 1966 வரை ஆராய்ந்து அறிக்கை அளித்த கோத்தாரி கமிஷன், பள்ளிகள் ஆண்டில் 39 வாரங்கள், அதாவது 234 நாட்கள், நடைபெற வேண்டும் என்று சிபாரிசு செய்தது. இனி அயல்நாடுகளுக்குச் செல்வோம். இங்கிலாந்தில் அரசு ஆதரவில் நடக்கும் பள்ளிகளில் மாணவர்களுக்குரிய நாட்கள் பொதுவாக 190. அதையும் அவர்கள் 380 அரைநாட்களாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெரும்பாலான மாநிலங்கள் 180 நாட்களோடு நிறுத்திக் கொள்கின்றன. கல்வியில் சிறந்ததென்று நம் பத்திரிகைகள் அடிக்கடி புகழ்கின்ற பின்லாந்து தேசத்தில் பள்ளி ஆண்டு 190 நாட்கள். அந்த எண்ணிலிருந்தும், வாரநாட்களில் வந்து விழும் சில பண்டிகைகளைக் கழித்து விடுகிறார்கள். ஜூன் மாதம் பிறக்கும் தறுவாயில் பூட்டப்படும் பள்ளிகள் ஆகஸ்ட் மாதத்தில்தான் மீண்டும் திறக்கின்றன. ஆக, நாட்களை மட்டும் எண்ணி ஒரு தேசத்தின் கல்வியை நிறுப்பதானால், தராசுத் தட்டு நம் பக்கமே தாழ்ந்திருக்கிறது.

"ஜப்பானும் கொரியாவும் இல்லையா?" என்று தங்களில் விஷயம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். சனிக்கிழமையிலும் பள்ளி நடத்திய தேசங்கள் அவை. ஆயினும் ஜப்பான் 1992ஆம் ஆண்டில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையை விடுவித்து, 2002ஆம் ஆண்டில் எல்லாச் சனிக்கிழமைகளையும் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. தென்கொரியாவும் 2012ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி என்ற முறைக்கு மாறி, குறைந்தபட்ச நாட்களை 190 என்று வைத்துக் கொண்டிருக்கிறது. பள்ளியைக் குறைப்பதற்கு முன்பே அந்த நாட்டில் பெற்றோர்கள் தனிப்பயிற்சி நிலையங்களைப் பெருக்கியிருந்தார்கள். இரவு பத்து மணிக்குமேல் அவை நடைபெறலாகாது என்று சியோல் நகரம் விதி வகுக்க வேண்டிய நிலைமை ஏற்பட்டது. நாளை நீட்டுவதில் வெகுதூரம் சென்றவர்கள் இன்று எந்தத் திசையில் திரும்பி நடக்கிறார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

நாட்களின் எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்குப் பிரெஞ்சு தேசத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஆரம்பப் பள்ளிகள் ஆண்டில் 36 வாரங்கள் நடக்கின்றன. வாரத்துக்கு நான்கே நாள் பள்ளி வைத்துக் கொண்டிருக்கும் ஊர்கள் மிகப் பல. எனவே அவ்வூர்க் குழந்தைகள் ஆண்டில் 144 நாட்கள்தாம் பள்ளிக்குச் செல்கிறார்கள். கேட்டவுடன் நமக்கு மயக்கமே வரும். ஆனால் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடப்பதால், மொத்தம் 864 மணி நேரம் ஆகிறது. நம் சட்டமோ ஐந்தாம் வகுப்பு வரையிலும் 200 நாட்களில் 800 மணி நேரத்தையே கேட்கிறது. ஐம்பத்தாறு நாள் குறைவாகப் பள்ளிக்குச் செல்லும் குழந்தை அறுபத்துநான்கு மணி நேரம் அதிகமாகப் பாடம் கேட்கிறது! இதற்கு நேர்மாறாகப் பின்லாந்தில், முதல் வகுப்புக் குழந்தைக்கு வாரத்தில் இருபது பாடவேளைகள் அளவே வைத்து, நாற்பத்தைந்து நிமிஷப் பாடத்துக்குப் பிறகு பதினைந்து நிமிஷம் வெளியே விளையாட அனுப்பிவிடுகிறார்கள். பனி பெய்தாலும் அனுப்பி விடுகிறார்கள். ஒரே கண்டத்தில், சில நூறு காதங்களுக்குள், இத்தனை வேற்றுமை.

இந்த வேற்றுமைகளெல்லாம் எங்கிருந்து வந்தன? குழந்தையின் புத்தி எத்தனை நாளில் விருத்தியாகும் என்று ஞானிகள் கூடி ஆராய்ந்து இந்த எண்களை ஏற்படுத்தினார்கள் என்று நான் இளமையில் நம்பியிருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான், வயலும் வெயிலும் சமயமும் கஜானாவும் கூடி இவற்றை நிர்ணயித்தன என்று விளங்கிற்று. பிரெஞ்சு தேசத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1882ஆம் ஆண்டில் ழூல் பெரி என்ற மந்திரியின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், சமய போதனையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பி, அதற்காக ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளையும் விட்டுக் கொடுத்தது. அந்த நாள் நெடுங்காலம் வியாழனாக இருந்து, 1972ஆம் ஆண்டில் புதனாக மாறிற்று. மாதா கோயிலுக்கும் குடியரசுக்கும் நடந்த ஒரு பழைய வழக்கின் தீர்ப்பு, இன்றும் அந்நாட்டுக் குழந்தையின் புதன்கிழமையில் நிலைத்திருக்கிறது.

ஸ்காட்லாந்தில் அக்டோபர் மாத விடுமுறையை உருளைக்கிழங்கு விடுமுறை என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். டென்மார்க்கிலும் அதே பெயர். குழந்தைகள் கிழங்கு பொறுக்கப் போன காலம் மலையேறிய பிறகும் பெயர் போகவில்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாநிலத்தில், சில பள்ளிகள் இன்றைக்கும் கிழங்கு அகழும் பருவத்தில் மூடுகின்றன. லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள், மதுபானம் காய்ச்ச உதவும் ஹாப் பூக்களைப் பறிப்பதற்காகக் குழந்தை குட்டிகளோடு கெண்ட் பிரதேசத்துக்குச் சென்று வாரக்கணக்கில் தங்கியிருந்ததும், அந்த அறுவடையை அனுசரித்து அவ்வட்டாரப் பள்ளிகள் தங்கள் விடுமுறையைத் தள்ளி வைத்ததும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்த சங்கதிகள். ஜப்பானியப் பள்ளி ஏப்ரல் மாதத்தில், செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் வேளையில் தொடங்குகிறதே, அதன் காரணம் பூ அன்று. 1886ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்காரின் வரவு செலவு ஆண்டு ஏப்ரலில் தொடங்குமாறு அமைந்தது. பள்ளிகளும் காலக்கிரமத்தில் அதைப் பின்பற்றின. மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஆகையால் அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளில் நம்மவர் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகப் பையைத் தூக்கிக் கொண்டு செல்கிறார்கள். காஷ்மீரத்தில் பனிக்கு அஞ்சிக் குளிர்காலத்தில் பள்ளியை மூடுகிறார்கள். நாம் கத்தரி வெயிலுக்கு அஞ்சி மூடுகிறோம்.

அமெரிக்காவின் நீண்ட கோடை விடுமுறையைப் பற்றி, அது குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் வயல் வேலை செய்வதற்காக ஏற்பட்டது என்று பலரும் சொல்லி வருகிறார்கள். நானும் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன், அது தவறு. குடியானவனுக்குப் பிள்ளையின் கை வேண்டியிருந்தது வசந்தத்தில் விதைக்கவும் இலையுதிர் காலத்தில் அறுக்கவும்தான். ஆகவே கிராமப் பள்ளிகள் குளிரிலும் நடுக்கோடையிலும் நடைபெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் முதலான பெருநகரங்களிலோ பள்ளிகள் ஆண்டில் 240 நாட்களுக்கும் மேலாகத் திறந்திருந்தன. நகரத்து வெயிலும், நோய் பரவும் என்ற அச்சமும், வசதி படைத்த குடும்பங்கள் கோடையில் ஊரை விட்டுக் குளிர்ந்த இடங்களுக்குப் புறப்பட்டுப் போனதும், ஓயாத படிப்பு இளம் மூளையைக் கெடுக்கும் என்று அக்காலத்தில் நிலவிய நம்பிக்கையும் சேர்ந்து நகரத்தின் ஆண்டைச் சுருக்கின. கிராமத்தின் ஆண்டு மெல்ல நீண்டது. இரண்டும் படிப்படியாக 180 நாட்களை நெருங்கி நின்றன. 1983ஆம் ஆண்டில் அந்நாட்டின் கல்வி நிலையைக் கண்டு கலங்கிய ஒரு தேசியக் குழு, பள்ளி ஆண்டை 200 முதல் 220 நாட்கள் வரை நீட்டுவதை ஆலோசிக்க வேண்டுமென்று எழுதிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் எண் பெரும்பாலும் அசையவில்லை.

பள்ளி ஆண்டைக் கூட்டினாலும் குறைத்தாலும் என்ன நேரும் என்பதை ஒரு தேசமே தன் பிள்ளைகளைக் கொண்டு, அப்படி உத்தேசிக்காமலே, சோதித்துப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. தங்கள் விண்ணப்பத்தைப் படித்த இரவு என் நினைவுக்கு வந்ததும் அதுதான். ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

மேற்கு ஜெர்மனியில், பவேரியா நீங்கலாக, பள்ளி ஆண்டு வசந்தகாலத்தில் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டித் தொடங்கி வந்தது. பவேரியாவிலோ இலையுதிர் காலத்தில் தொடக்கம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடி பெயரும் குடும்பத்தின் பிள்ளைக்கு இதனால் அரை வருஷம் வீணாயிற்று. இந்த இடையூற்றை நீக்க, 1964ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் மாநிலங்கள் செய்து கொண்ட ஒப்பந்தம், எல்லா இடத்திலும் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்க வேண்டும் என்று ஏற்படுத்திற்று. ஆனால் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குத் தாவுவது எங்ஙனம்? சில மாநிலங்கள் நீண்ட ஆண்டு ஒன்றை வைத்துச் சமாளிக்க நினைத்தன. பெரும்பாலான மாநிலங்களோ இரண்டு குறுகிய ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்தன: 1966 ஏப்ரல் முதல் நவம்பர் முடிய ஓர் ஆண்டு, அந்த டிசம்பர் முதல் 1967 ஜூலை முடிய மற்றோர் ஆண்டு. சாதாரணமாக 37 வாரங்கள் நடந்த படிப்பு ஒவ்வொன்றிலும் 24 வாரங்களாகச் சுருங்கிற்று. பாடத்திட்டம் அடிப்படையில் மாறவில்லை. வகுப்பு ஏற்றமும் நிற்கவில்லை. பதினாறு மாதங்களில் இரண்டு வகுப்புகளைத் தாண்டிய அந்தப் பிள்ளைகள், அயல் மாநிலத்துப் பிள்ளைகளை நோக்க, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுப் படிப்பை இழந்தார்கள்.

ஆண்டுகள் உருண்டன. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், நடுவயதை எட்டினார்கள். பொருளாதார அறிஞர் பிஷ்கே என்பவர் அவர்களுடைய வாழ்வைக் குறித்த புள்ளி விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். தாங்கள் எதிர்பார்ப்பது என்ன? குறைவாகப் படித்தவர்கள் குறைவாகச் சம்பாதித்தார்கள் என்றுதானே? அப்படி அன்று. பிற்கால ஊதியத்திலும் உத்தியோகத்திலும் அவர்களுக்கு யாதொரு பாதகமும் தென்படவில்லை. இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாட்கள் குறைந்தால் நட்டமில்லை என்று நான் சொல்லப் போவதாக நினைத்துவிடாதீர்கள். ஏனெனில் அதே ஆராய்ச்சியின் மற்றொரு பக்கம் என்னை உறங்க விடுவதில்லை. ஆரம்ப வகுப்புகளில் தேறாமல் அதே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்த குழந்தைகளின் தொகை அந்த ஆண்டுகளால் உயர்ந்தது. உயர்தர இடைநிலைப் பள்ளிகளை நாடிச் சென்றவர்களின் தொகை குறைந்தது. பெரும்பாலோர் தாண்டிய பள்ளத்தில், விளிம்பில் நின்ற சிலர் விழுந்தார்கள்.

ஒரு நாள் கூடுவதும் குறைவதும் எல்லாக் குழந்தைகள் மீதும் சமமாக விழுவதில்லை என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் கண்டார்கள். அங்கே 1982ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த ஏறக்குறைய 800 குழந்தைகளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் வறிய வீட்டுக் குழந்தையும் வசதியுள்ள வீட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். கோடை விடுமுறையில் மட்டும், வசதியுள்ள வீட்டுக் குழந்தை மேலும் படிக்க, வறிய வீட்டுக் குழந்தை நின்ற இடத்திலேயே நின்றது. பிற்காலத்தில் வேறு பரீட்சைகளைக் கொண்டு அளந்தவர்களில் சிலருக்கு இவ்வளவு பெரிய இடைவெளி தென்படவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அளவு எதுவாயினும், ஜூன் மாதத்து முதல் வாரத்தில் மூன்றாம் வகுப்பில் நுழைந்து பார்த்த எந்த உபாத்தியாயருக்கும் இந்த உண்மை புதிதன்று.

எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம், அவன் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பான். ஆனியில் பள்ளி திறந்தால் ஒரு வாரம் கழித்து வந்து சேர்வான். மார்கழி வரை ஒரு நாளும் தவற மாட்டான். வாய்பாட்டில் அவனுக்கு நிகர் அந்த வகுப்பில் எவருமில்லை. தை பிறந்ததும் அவன் தாய் தந்தையர் முன்பணம் வாங்கிக் கொண்டு செங்கல் சூளைக்குப் புறப்படுவார்கள். தம்பியைத் தூக்கிக் கொண்டு அவனும் போவான். என் வருகைப் பதிவேட்டில் பள்ளி நடந்த நாட்களில் பாதியளவே அவன் வந்த நாட்கள். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தது. நான்காம் ஆண்டு அவன் வரவேயில்லை. நான் சூளை வரை போய்க் கேட்டிருக்க வேண்டும். பஸ் வசதி இல்லை என்று சொல்லிக் கொண்டு போகாமல் இருந்துவிட்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கக் கல்விப் புள்ளி விவரங்களில் 1869-70ஆம் ஆண்டைப் பற்றிய ஒரு வரியைப் படித்தபோது அவன் முகமே என் கண்முன் வந்தது. அந்த ஆண்டில் அத்தேசத்துப் பள்ளிகள் சராசரியாக 132 நாட்கள் திறந்திருந்தன. ஆனால் ஒரு மாணவன் சராசரியாக வந்த நாட்கள் 78. பள்ளி திறந்த நாள் ஒரு கணக்கு. குழந்தை வந்த நாள் வேறொரு கணக்கு. உலகத்துத் தேசங்களெல்லாம் 180 என்றும் 190 என்றும் 220 என்றும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பேசுவது முதல் கணக்கை மட்டும்தான்.

இனித் தங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். மே மாதத்தில் தாங்கள் கேட்கும் வகுப்புகள் யாருக்கு? காலையில் ஒரு தனிப்பயிற்சி, மாலையில் ஒரு தனிப்பயிற்சி என்று ஏற்கெனவே அலைந்து கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு. எதைச் சொல்லிக் கொடுக்க? ஜூன் மாதத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடத்தை ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி முடித்து, பிறகு வருஷம் முழுவதும் வினாத்தாளை நகல் எடுத்து நகல் எடுத்து எழுதிப் பார்க்க. நாற்பது பாகை வெயிலில், தகரக் கூரையின் கீழ், மின்விசிறி நின்று போன பிற்பகலில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் எவ்வளவு ஏறும் என்பதைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் அதே வேளையில் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தால் அறிந்து கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்குப் பாட்டி வீடு உண்டு, கிணறு உண்டு, சைக்கிள் உண்டு, படிக்க விரும்பினால் வீட்டிலேயே புத்தகமும் உண்டு. அந்த ஒரு மாதத்தை அவனுக்கு விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

நம் பள்ளியிலேயே கோடை மாதங்களை இழப்பாகவே அனுபவிக்கின்ற வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் அந்த விண்ணப்பத்தில் கையொப்பமிடவில்லை. கூட்டம் நடந்த மாலையில் அவர்கள் வேலையிலிருந்து திரும்பியிருக்கவே மாட்டார்கள். பள்ளிக்கூடம் பூட்டப்பட்டால் அந்தக் குழந்தைகளுக்குப் புத்தகத்தின் அட்டையும் கண்ணில் படாது. சத்துணவுக் கூடத்தின் அடுப்பும் எரியாது. 2022ஆம் ஆண்டு முதல் வந்திருக்கும் காலைச் சிற்றுண்டியும் நின்றுவிடும். நாட்களைக் கூட்டுவதற்கு ஆசிரியரும் பணமும் கிடைக்குமானால், அவற்றின் முதல் உரிமை இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிக் கொண்டிருக்கும் அந்தக் குழந்தைகளுக்கே என்பது என் திடமான அபிப்பிராயம். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதியிருக்கும் இடத்தை அடித்துவிட்டு, அந்தக் குழந்தைகளுக்குக் காலை வேளையில் இரண்டு மணி நேரம் கதைப் புத்தகமும், அதன் பிறகு ஒரு வேளைச் சோறும் என்று எழுதித் தாருங்கள். முதல் கையொப்பத்தை நான் இடுகிறேன்.

விண்ணப்பம் மேலே போய், உத்தரவு கீழே வருவதற்குள் கோடை கழிந்துவிடும் என்பதை நான் அறிவேன். ஆகையால் பள்ளியின் கீழண்டைக் கோடியில் இருக்கும் நூலக அறையை மே மாதம் முழுவதும் காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை திறந்து வைத்துக் கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவர் சம்மதித்துச் சாவியையும் கொடுத்துவிட்டார். அலமாரி இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன். கரையான் அரித்தவை போக நூற்றெண்பது புத்தகங்கள் தேறின. தெற்குத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் குழந்தைகளை அழைத்து வர ஒருவர் வேண்டும். தங்களுடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்கள் அரை மணி நேரம் வந்து சிறுவர்களுக்குப் படித்துக் காட்டினால் மகிழ்வேன், கட்டாயமில்லை. குடிதண்ணீருக்கு ஒரு மண்பானையும், முடிந்தவர்கள் முறை வைத்துக் கொண்டு கொஞ்சம் சுண்டலும் கொடுத்தனுப்பினால் போதும். முதல் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் அங்கே இருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஓய்வு பெற்ற உபாத்தியாயன்